மறு ஏலம்

1

நம் கோயிலின் அறுப்பின் பண்டிகை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று ஐயர் போன வருஷமும் கேட்டார், இந்த வருஷமும் கேட்டிருக்கிறார். (மலர் வெளியூருக்கும் போகும் என்பதால் சொல்கிறேன்: பாளையங்கோட்டையில் எங்கள் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். அந்நிய மண்ணில் ஆண்டவர் செய்த நன்மைகள்.

நன்மைகளைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். கனடாவிலும் துபாயிலும் நம் சபைப் பிள்ளைகள் உண்டு. காரில் சாய்ந்து நின்று எடுத்த புகைப்படத்தையும் சேர்த்து அனுப்பிவைப்பார்கள். அமெரிக்கா வந்த இந்த ஏழு வருஷத்தில் எனக்கு எழுதத் தோன்றுவது ஒரே ஒரு விஷயம். அதில் பாதிக் குற்றம் அமெரிக்காவுடையது, பாதி உங்களுடையது. அச்சடிப்பதும் அடுப்பில் போடுவதும் உங்கள் இஷ்டம்.

2

நான் ஜப்பான் கார்ட்டூன் பார்ப்பவன். நாற்பத்திரண்டு வயதில், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, ஒரு பெண்பிள்ளைக்குத் தகப்பனாகவும் இருந்துகொண்டு பார்க்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

வந்த முதல் குளிர்காலத்தில் நான் தனியாக இருந்தேன். மனைவி எஸ்தரும் மகள் ரூபியும் ஊரில் விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். புகைப்படத்தில் குழந்தையின் காது தெரியவில்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். காது தெரிய எடுத்துக்கொண்டு போனால், கல்யாணச் சான்றிதழில் என் பெயருக்குப் பின்னால் வரவேண்டிய அப்பா பெயர் முன்னால் வருகிறது என்றார்கள். இங்கே என்னடாவென்றால், ஆபீஸில் எல்லோரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'நல்ல வாரஇறுதி' என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டு மறைந்துவிடுவார்கள். திங்கட்கிழமைவரை என்னோடு பேச ஒரு ஜீவன் கிடையாது. அப்போதுதான் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஒரு அடித்தள அறையில் ஜப்பான் படம் போடுகிறார்கள் என்று தெரிந்தது. அனிமே என்றார்கள். வீடியோ கேசட்டைப் படியெடுத்து, அதையும் படியெடுத்து, பாதி அழிந்துபோன படம். கீழே மாணவர்களே மொழிபெயர்த்துப் போட்ட ஆங்கில வரிகள் ஓடும். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் விட்டதில்லை.

எனக்குப் பிடித்த தொடரில் ஒரு பெண் ஆற்றில் படகு விடுகிறாள். வாரத்துக்கு ஒரு பயணி. நடு ஆற்றில் அந்தப் பயணி ஒரு பொய் சொல்வான். அவள் உடனே ஒன்றும் சொல்லமாட்டாள். துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடிப்பாள். துளிகள் சொட்டும். அதன் பிறகுதான் வாயைத் திறப்பாள். இவ்வளவுதான் கதை. சிறுபிள்ளைத்தனம் என்று சொல்பவர்கள் அதைப் பார்க்காதவர்கள், அல்லது படகில் ஏறினால் மாட்டிக்கொள்ளக்கூடியவர்கள்.

ஆறு வயதில் இங்கே வந்த ரூபிக்கு இப்போது பன்னிரண்டு. முதலில் நான் தமிழில் கேட்பேன், அவள் தமிழில் சொல்வாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு தோளைக் குலுக்கினாள். பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடும்போது தெருமுனையிலேயே இறக்கிவிடச் சொல்வாள். என் காரையும் என்னையும் யாரும் பார்த்துவிடக் கூடாது. எஸ்தர் இதற்கெல்லாம் ஜெபம்தான் மருந்து என்கிறாள். எனக்கு மிச்சமிருந்தது வெள்ளிக்கிழமை ஒன்றுதான். அன்றைக்கு மட்டும், நான் வீட்டில் கேசட்டைப் போட்டதும், ரூபி என் பக்கத்தில் வந்து உட்கார்வாள். படகுக்காரி துடுப்பைத் தூக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வலது கையைத் தூக்குவோம். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. அந்த ஒரு மணி நேரம் அவள் என் மகள்.

3

ஆகவே, இந்த வருஷம் அனிமே மாநாட்டுக்குப் போகலாமா என்று அவளாகவே கேட்டபோது, எஸ்தர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதையும் பொருட்படுத்தாமல் கிளம்பிவிட்டேன். காரில் அரை நாள் பயணம்.

மாநாட்டின் கடைசி நாளில் ஏலம் உண்டு. அந்தப் படங்களைக் கண்ணாடி போன்ற தாளில் ஒவ்வொன்றாகக் கையால் வண்ணம் தீட்டி எடுக்கிறார்கள். செல் என்று பெயர். படம் முடிந்ததும் அந்தத் தாள்களை விற்றுவிடுவார்கள். அப்படிக் கிடைத்தவற்றை மாநாட்டில் ஏலம் விட்டு, வரும் பணத்தைக் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொடுக்கிறார்கள். இந்தத் தடவை எங்கள் படகுக்காரியின் செல் ஒன்று வருகிறது, அதுவும் துடுப்பைத் தூக்கி நிற்பது. ரூபி தன் கட்டிலுக்கு மேலே சுவரில் இடம்கூடப் பார்த்துவைத்துவிட்டாள்.

ஏலம் என்றதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. காரிலேயே அவளுக்கு நம் ஊர் ஏலத்தைச் சொன்னேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் நாம் செய்வதை இன்னொருவர் சொல்லக் கேட்பது நல்லது.

அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் விளைந்ததையும் வளர்த்ததையும் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். வாழைத்தார், பூசணி, சேவல், ஆட்டுக்குட்டி. ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம். பொருள் வேண்டும் என்பதற்காக அங்கே ஒருவரும் கேட்பதில்லை. எதிரே நிற்பவன் கேட்கிறான், அதனால் இவனும் கேட்கிறான். ஏலத்தை எடுத்தவர் தன்னைப் பெரிய மனுஷன் என்று நினைத்தால், பணத்தையும் கொடுத்து, 'கோயிலுக்கே இருக்கட்டும், மறு ஏலம் விடுங்கள்' என்பார். அப்போது தோற்றவன் முன்னைவிடக் கூடுதலாகக் கேட்டே ஆகவேண்டும். கேட்காவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது. விட்டுக்கொடுத்தவர் அந்தப் பொருளை மறுபடி கேட்கக் கூடாது, கேட்டால் கேவலம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது யாரோ ஒரு வெள்ளை முயலைப் படைத்தார்கள். நான் ஒரு வாரமாக அப்பாவிடம் கெஞ்சி, சோப்புப் பெட்டியில் ஓட்டைபோட்டு வைத்திருந்தேன். அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், ஊருக்கு சார்வாள். எதிரே நின்றவர் திசையன்விளையிலிருந்து வந்து மார்க்கெட்டில் மொத்தக்கடை வைத்திருந்த அண்ணாச்சி. கோயில்பிள்ளைதான் ஏலம் கூறினார். கோயிலைப் பெருக்குவது, மணியடிப்பது எல்லாம் அவர் வேலை.

"சார்வாள் கேக்காவ! அண்ணாச்சி, விட்டுருதியளா?"

"பிள்ளை ஆசைப்படுதான், விட்டுரும்வே" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"பிள்ளை ஆசைப்பட்டா சந்தையில வாங்கிக் குடுக்கச் சொல்லும். இது ஏலம்லா" என்றார் அண்ணாச்சி.

அப்பா விடவில்லை. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். முயல் எங்களுக்கு. நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணாச்சியைப் பார்த்தபடி வலது கையைத் தூக்கி, "கோயிலுக்கே இருக்கட்டும். மறு ஏலம் விடுங்கய்யா" என்றார். சபையே கைதட்டியது. அண்ணாச்சி முகம் கறுத்து, கூடுதலாகக் கேட்டு முயலை எடுத்தார். ஐயருக்குச் சந்தோஷம், கோயிலுக்கு இரண்டு வருமானம். மறுநாள் மத்தியானம் அண்ணாச்சி வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளியில் முயல்கறி வந்தது, சார்வாளுக்குப் பங்கு என்று. அப்பா சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் கம்மி என்றார்.

வேடிக்கைக் கதையாகத்தான் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். ரூபி சிரிக்கவில்லை. "தாத்தா சாப்பிட்டாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டீர்களா என்றாள். எங்கள் வீட்டில் கேட்கிற வழக்கம் இல்லை என்றேன். அந்த வருஷத்தில் நாங்கள் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

4

மாநாடு என்றதும் மேடையும் மாலையும் நினைக்க வேண்டாம். ஒரு பெரிய ஹோட்டலின் கீழ்த்தளம் முழுக்க, அட்டைக் கத்தியும் பச்சை முடியுமாகப் பையன்களும் பெண்களும். பாதிப் பேர் இரண்டு நாளாகக் குளிக்காதவர்கள். நம் ஆற்றில் ஒரு முங்கு போட்டு எழுப்பவேண்டிய கூட்டம்.

வாசலில் அடையாள அட்டை கொடுத்த பெண் ரூபியைப் பார்த்துச் சிரித்து அவளுக்கு ஒன்றைக் கொடுத்தாள். எனக்கு இலவசமாக ஒன்று. அதில் 'பெற்றோர்' என்று அச்சடித்திருந்தது.

எனக்கும் ரசிகர் அட்டைதான் வேண்டும், பணம் தருகிறேன் என்றேன். "தேவையில்லை சார், பெற்றோருக்கு இலவசம்." தெரியும், நான் ரசிகன் என்றேன். அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவனுக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. பெற்றோருக்கென்று தனி ஓய்வறை இருக்கிறது, அங்கே காப்பி உண்டு என்று காது கேட்காதவரிடம் சொல்வதுபோல் உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். நானும் ஆங்கிலத்தில் சண்டை போட்டேன். கோபம் வந்தால் என் ஆங்கிலம் பாளையங்கோட்டைக்குப் போய்விடும். வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரூபி ஐந்தடி தள்ளிப் போய், சுவரில் இருந்த தீயணைப்புக் குழாயின்மேல் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ரசிகர் அட்டையை வாங்கித்தான் உள்ளே போனேன்.

கடைசி நாள் மத்தியானம் நடைபாதையில் குடுமி வைத்த ஒரு தடியன் என்னை நிறுத்தினான். முப்பது வயதிருக்கும். என் நெஞ்சில் தொங்கிய அட்டையை அவன் பார்க்கவில்லை. என் வெள்ளைச் சட்டையையும் கறுப்பு பேண்டையும் என் நிறத்தையும் பார்த்தான். "மூன்றாம் அறையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, ஒரு ஜக் கொண்டுவர முடியுமா?" என்றான் மரியாதையாக. நான் ஹோட்டல் ஆள் இல்லை என்றேன். "ஓ, சாரி மேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவனுக்கு அது அந்த நிமிஷத்தோடு முடிந்துபோனது. எனக்கு முடியவில்லை. நான் யாருடைய மகன் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் போலிருந்தது. எத்தனையோ பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த சார்வாளின் மகன் என்று சொன்னால் அந்தக் குடுமிக்கு என்ன விளங்கும்?

5

ஏல அறையில் குடுமி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். நாங்கள் இரண்டு வரிசை பின்னால். கேட்கிறவர்கள் தூக்கிக் காட்ட ஆளுக்கொரு எண் அட்டை. பூனைக்காது மாட்டிய ஒரு பெண் ஏலம் கூறினாள். நம் கோயில்பிள்ளையின் கால்தூசு பெறமாட்டாள். அவள் குரலுக்கு யாரையும் யாரோடும் கோர்த்துவிடத் தெரியவில்லை. கோர்த்துக்கொள்ள எனக்கு ஆள் தேவைப்படவில்லை.

முதலில் வந்த ஒரு சுவரொட்டியைக் குடுமி கேட்டான். எனக்கு அது வேண்டாம். ஆனாலும் கேட்டேன். அவன் ஏற்றினான், நான் ஏற்றினேன். சரியான இடத்தில் விட்டுவிட்டேன். அவன் இரண்டு பங்கு கொடுத்து எடுத்தான். அடுத்து ஒரு பொம்மைக்கும் அப்படியே செய்தேன். மூன்றாவது தடவை அவன் திரும்பி என்னைப் பார்த்தான். வெள்ளைச் சட்டைக்காரன். அந்தப் பார்வைக்காகத்தான் இவ்வளவும். "அப்பா, நமக்கு அது வேண்டாமே" என்றாள் ரூபி மெதுவாக. பேசாமல் இரு என்றேன்.

கடைசியில் படகுக்காரி வந்தாள். கறுப்புத் துணிமேல் அந்தத் தாளை வைத்துத் தூக்கிக் காட்டினார்கள். துடுப்பும் மூன்று துளிகளும். எத்தனையோ படி எடுத்து அழிந்த கேசட்டில் மங்கலாகப் பார்த்த முகம் இவ்வளவு துலக்கமாக இருக்கும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. ரூபி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னைத் தொட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

கேட்டேன். குடுமியும் கேட்டான். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் அவனும் தன் பர்ஸைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி அட்டையைக் கீழே வைத்தான். பூனைக்காதுக்காரி மேஜையைத் தட்டினாள். படகுக்காரி எங்களுக்கு. ரூபி துள்ளி எழுந்தாள்.

போய்ப் பணத்தைக் கொடுத்து வாங்கி அவள் கையில் வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. ஆனால் நான் குடுமியைப் பார்த்தேன். அவன் தலை குனிந்திருந்தது. தோற்றவனைத் தோற்றவனாகவே விட நமக்கு எப்போது தெரிந்திருக்கிறது? எழுந்து நின்றேன்.

"அப்பா, வேண்டாம்" என்றாள் ரூபி. தமிழில் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னாள். அவளுக்குத்தான் முந்தாநாள் முயல் கதையைச் சொல்லியிருந்தேனே.

என் வலது கை மேலே போய்விட்டது. "இது ஆஸ்பத்திரிக்கே இருக்கட்டும். பணத்தைத் தருகிறேன். மறுபடி ஏலம் விடுங்கள்" என்றேன்.

பூனைக்காதுக்காரிக்குப் புரியவில்லை. உங்களுக்கு விளங்குகிறதா சார் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். விளங்குகிறது என்றேன். பிறகு அவளுக்குப் புரிந்தது, அறைக்கும் புரிந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். இந்த ஏழு வருஷத்தில் இந்த நாட்டில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. பொய் சொல்லவில்லை, நெஞ்சு நிறைந்தது. இனிமேல் குடுமி கூடுதலாகக் கேட்கவேண்டும். அல்லது வெட்கத்தில் வாங்கி என் மகள் கையில் கொடுக்கவேண்டும். ரோஷமுள்ள எந்த மனுஷனும் அதைத்தான் செய்வான்.

குடுமி அட்டையைத் தூக்கி ஒரு அற்பத் தொகை கேட்டான்.

அவனுக்குமேல் ஒருவரும் அட்டையைத் தூக்கவில்லை. மற்றவர்கள் கையிருப்பை முன்பே கொட்டிவிட்டார்கள். ஒருதரம். ரூபி என் மடியிலிருந்த எண் அட்டையைப் பிடுங்கித் தூக்கினாள். பூனைக்காதுக்காரி எங்களைப் பார்த்து, "சார்? மகள் கேட்கிறாளா?" என்றாள்.

விட்டுக்கொடுத்தவன் மறுபடி கேட்கக் கூடாது. அறை முழுக்க என்னைப் பார்க்கிறது. நான் ரூபியின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். அவள் மறுபடி தூக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. மணிக்கட்டில் என் விரல்கள் பதிந்திருந்ததைப் பிறகு பார்த்தேன். ரெண்டுதரம், மூணுதரம்.

குடுமிக்கு ஒரு கூச்சமும் இல்லை. செல்லை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "இவ்வளவு அன்பான காரியத்தை நான் பார்த்ததே இல்லை" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவமானப்படுத்தத் தெரிந்த ஊரில் பிறந்து, அவமானம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் நடுவில் வந்து உட்கார்ந்தவனுக்கு வேறென்ன கிடைக்கும்? நான் 'தாங்க்யூ' என்றேன். ரூபி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டுமானால் கொஞ்சம் பிடித்துப் பார் என்று அவன் அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

6

திரும்பி வரும்போது ரூபி பின்சீட்டில் உட்கார்ந்தாள். வேறு செல் வாங்கித் தருகிறேன் என்றேன். சாப்பிட எங்கே நிறுத்தலாம் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை கேசட்டைப் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டேன். வீட்டுப்பாடம் இருக்கிறது என்றாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் இருந்தது. படகுக்காரி துடுப்பைத் தூக்கும்போது நானும் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் யார் பார்க்கப்போகிறார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போட்டேன். எண்பதை நெருங்கும் அவரிடம் பேச என்னிடம் எப்போதும் விஷயம் இருக்காது. அங்கே மழை உண்டா, முட்டுவலி எப்படி இருக்கிறது, அவ்வளவுதான். அன்றைக்கு ஏலத்தைச் சொன்னேன். கார்ட்டூன் என்று சொல்லவில்லை, ஒரு படம் என்றேன்.

"யாருக்குலே எடுத்த?"

"ரூபிக்குத்தாம்பா."

"பெறவு?"

"மறு ஏலத்துக்கு விட்டுட்டேன்."

  சிரிப்புச் சத்தம் வந்தது. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"அப்படிப் போடுலே! இப்பத்தாம்லே நீ எம் மவன். எல்லாரும் எந்திரிச்சுப் பாத்திருப்பானுவளே?"

"கைதட்டுனாங்கப்பா."

"தட்டாம? சரி, மத்தவன் எவ்வளவுக்கு ஏத்துனான்?"

"ஏத்தலப்பா. கொஞ்சமாக் கேட்டு எடுத்துட்டுப் போயிட்டான்."

"சீ. என்ன ஊருலே அது? மானம் ரோசம் இல்லாத பயலுவ. அங்கன எப்பிடித்தான் இருக்கியோ."

"அதாம்பா நானும் சொல்லுதேன்" என்றேன். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பாவும் நானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்போது பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. ரூபி. எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ. தாத்தாவிடம் பேசு என்று மன்றாடினாலும் வராதவள், கையை நீட்டினாள். கொடுத்தேன். போனின் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தி மேஜைமேல் வைத்தாள்.

"தாத்தா" என்றாள். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தாள். "அப்பா சின்னப் பையன்ல... அந்த முயல். வெள்ளை முயல். சாப்பிட நல்லா இருந்துச்சா?"

"என்னது தாயீ?"

"முயல் தாத்தா. ஏலத்துல நீங்க எடுத்தது. அப்பா கேட்டது."

"முயலா?" அப்பா யோசித்தார். மெய்யாகவே யோசித்தார், நான் அவர் குரலைப் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். "எந்த முயலு தாயீ? எவ்வளவோ ஏலம் எடுத்திருக்கேன். கிடா எடுத்திருக்கேன், சேவல் எடுத்திருக்கேன். முயலு ஒண்ணும் எனக்கு ஞாபகம் இல்லியே. ஒங்கப்பன் என்னத்தையாவது சொல்லுவான், அவனுக்கு எப்பவும் கூறு கிடையாது."

ரூபி போனை வைத்தாள். ஏலத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"அவருக்கு ஞாபகமே இல்லைப்பா" என்றாள். "எனக்கு இருக்கும்."